இலைக்கு வந்த நாய்

பழனியாண்டி குளவி கொட்டிச் செத்தான். ருவான்வெல்லைக்கு மேலே இருக்கிற அந்த றப்பர் தோட்டத்தில் அது ஒன்றும் கேள்விப்படாத சாவு இல்லை. புல்லுக்கு மருந்தடிக்கப் போன இடத்தில் யாரோ கிளையை அசைக்க, கூடு கலைந்து, மற்றவர்கள் எல்லோரும் ஓடைப் பக்கம் ஓட, அவன் மட்டும் தன் நாயைக் கூப்பிட்டுக்கொண்டு அங்கேயே நின்றானாம். லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே கதை முடிந்துவிட்டது. பெட்டிக்குள் வந்த முகத்தைப் பார்த்து, “இது யாரு?” என்று அவன் பெண்சாதி கோகிலா கேட்டாள். ஒரு பக்கம் அப்படி வீங்கியிருந்தது.

நாயும் அன்றைக்கே காணாமல் போனது. கலுவா என்று பெயர், சிங்களத்தில் கறுப்பன். கறுப்பு நாய். சிங்களத்தில் கூப்பிட்டால்தான் நாய்க்குக் காது கேட்கும் என்று நினைக்கிற தோட்டம் அது. தமிழ்ப் பெயர் வைத்த நாய் ஒன்றுகூட லயத்து வரிசை வீடுகளில் கிடையாது. செத்த வீட்டில் நாயை யார் தேடப் போகிறார்கள்? அதுவும் குளவி கொட்டி எங்காவது பள்ளத்தில் விழுந்து கிடக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

கோகிலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பிறந்ததும் அந்தத் தோட்டம்தான், வாழ்க்கைப்பட்டதும் அதே தோட்டம்தான். மேல் லயத்தில் பிறந்து கீழ் லயத்துக்கு வந்தாள், அவ்வளவுதான் அவள் போன தூரம். விடிவதற்குள் மலையேறி மரத்துக்கு மரம் பட்டையைச் சீவிவிட்டு, பால் சொட்டி முடிந்ததும் சிரட்டை சிரட்டையாக வாளியில் ஊற்றிக்கொண்டு ஸ்டோருக்கு இறங்குவாள். கத்தி பிடித்தால் மரத்துக்கு வலிக்காது என்று மற்றப் பெண்கள் சொல்வார்கள். வாய்தான் இல்லை. அவள் பேசிக் கேட்டவர்கள் அந்த லயத்தில் குறைவு.

அந்த வாயை யார் எடுத்துக்கொண்டது என்று எல்லோருக்கும் தெரியும். பழனியாண்டிக்குப் பெண்சாதி மேல் பாசம் என்று லயமே சொல்லும். மீன்காரன் மோட்டார் சைக்கிளை நிறுத்தினால் இவன்தான் போய் வாங்குவான். ஸ்டோரில் பால் அளக்கிற அழகமுத்து, “என்ன தங்கச்சி, மழைக்குக் கொறைஞ்சு போச்சா?” என்று ஒரு வார்த்தை கேட்டதற்காக, மறுநாள் முதல் இவனே கூடப் போய் வாளியை வைத்துவிட்டு வந்தான். மேல் லயத்தில் அவளுடைய தாய் செத்தபோது, அங்கே யார் யாரோ ஆம்பளைகள் வந்திருப்பார்கள் என்று, பிணம் எடுக்கிற நேரத்துக்குக்கூட அவளை அனுப்பவில்லை. பாசமாம்! அந்தப் பாசத்தின் தழும்பு ஒன்று அவளுடைய இடது முழங்கையில் இருக்கிறது. கேட்டால் கத்தி பட்டது என்பாள்.

ஆகவே அவன் போனபோது கோகிலா அழவில்லை. அழ வேண்டும் என்று முயன்று பார்த்தாள். வரவில்லை. அதற்கும் சேர்த்துப் பயந்தாள்.

கருமாதி அன்றைக்குச் சரியான மழை. பக்கத்துக் காம்பரா அறையில் இருக்கிற சுப்பம்மாதான் எல்லாவற்றையும் நடத்தினாள். அந்த லயத்தில் பிறப்பு, சடங்கு, சாவு மூன்றுக்கும் அவள் சொல்வதுதான் சட்டம். பழனியாண்டிக்குப் பிடித்த கோழிக்கறியும், அவித்த மரவள்ளிக்கிழங்கும், ஒரு கிளாசில் சாராயமும் இலையில் வைத்து, லயத்துக்குப் பின்னால் பலா மரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிட்டுக் காக்காயைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியது. அந்த மழையில் எந்தக் காக்காய் வரும்? ஆனால் சுப்பம்மா அப்படி யோசிக்கிற ஆள் இல்லை.

“மனக்குறையோட போயிருக்காரு. அதான் எடுக்க மாட்டேங்குறாரு” என்றாள். எல்லோரும் கோகிலாவைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் பின்பக்கச் சாக்கடைக் கானுக்குள்ளிருந்து ஒன்று எழுந்து வந்தது. முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. எலும்பு தெரிய மெலிந்து, சேற்றில் தோய்ந்து, முகத்தின் ஒரு பக்கம் இன்னும் வீங்கிப் போய், அந்தப் பக்கத்துக் கண் பாதி மூடியிருந்தது. பெட்டியில் படுத்திருந்தவனுக்கு எந்தப் பக்கம் வீங்கியிருந்ததோ அதே பக்கம். ஒருத்தரையும் பார்க்காமல் நேராக இலைக்கு வந்தது. கோழியைத் தின்றது. கிழங்கைத் தின்றது. யாரோ ஒரு பொடியன் “கலுவா!” என்று ஒரு அடி முன்னால் வைத்தான். நாய் தின்பதை நிறுத்தியது. தலையைத் தூக்கவில்லை. உடம்பு மட்டும் மரம்போல விறைத்தது. இலைக்கு மேலே குனிந்தபடியே அடித்தொண்டையில் உறுமியது.

“வந்துட்டாரு” என்றாள் சுப்பம்மா மெல்ல. “கோகிலா, கையெடுத்துக் கும்பிடுடி. வந்துட்டாரு.”

மொத்த லயமும் கைகூப்பிக்கொண்டு பின்னால் நகர்ந்தது. பட்டினி கிடந்த நாய் ஒன்று உறுமியது, மனிதர்கள் விலகினார்கள், சோறு அதற்கே மிஞ்சியது. நாய் அன்றைக்குக் கற்றுக்கொண்ட பாடம் அவ்வளவுதான். ஆனால் கைகூப்பி நின்றவர்களுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. கோகிலாவுக்கு முழங்கால் நடுங்கியது. அந்த நடுக்கம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த நடுக்கம். வீட்டு வாசலில் அவன் செருப்புச் சத்தம் கேட்கும்போது வருகிற அதே நடுக்கம். சொல்லப்போனால், அவன் செத்த நாளிலிருந்து எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் திரிந்தவளுக்கு, இப்போது தரை தட்டுப்பட்டது மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு நாய் காம்பராவுக்குள் வந்தது. அவன் பாயில் படுத்தது. அவன் தட்டில்தான் அதற்குச் சோறு. அது தின்று முடித்த பிறகுதான் கோகிலா கைநனைப்பாள். “சாப்பிடுங்க” என்று சொல்லித்தான் தட்டை வைப்பாள். இதைக் கேட்டு லயத்தில் யாரும் சிரிக்கவில்லை. வாசலைக் கடக்கிற ஆம்பளைகள்கூடக் குரலைத் தணித்துக்கொண்டு போனார்கள்.

ஆரம்பத்தில் தட்டுக்குப் பக்கத்தில் போனால்தான் உறுமியது. பிறகு பாய்க்குப் பக்கத்தில் போனால் உறுமியது. பாயை ஒட்டித்தான் அலுமாரி. மாற்றுச் சேலை எடுக்கப் போனவளைப் பார்த்து அது உதட்டைத் தூக்கிக் காட்டிய அன்றைக்கு, கோகிலா துணிமணியைச் சாக்கில் கட்டிக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நாளில் படுக்கையும் குசினிக்குப் போய்விட்டது. உறுமும்போதெல்லாம் அவள் ஒரு அடி விட்டுக்கொடுப்பாள். அது அந்த அடியைத் தன்னுடையது ஆக்கிக்கொள்ளும். காம்பராவில் அவளுக்கென்று மிச்சம் இருந்தது அடுப்படிதான்.

மலைக்கும் அது கூடவே போனது. றப்பர்க் காட்டுக்குள் பட்டப்பகலிலும் வெளிச்சம் பச்சையாகத்தான் விழும். ஒரே மாதிரி மரங்கள் வரிசை வரிசையாக நிற்கும். பால் சொட்டுகிற சத்தம் தவிர வேறு சத்தம் இருக்காது. அவள் ஒரு மரத்தை முடித்துவிட்டு அடுத்த மரத்துக்குத் திரும்பும்போது, முடித்த மரத்தடியில் அது உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருக்கும். நடந்து வந்த சத்தம் கேட்காது. பழனியாண்டியும் இப்படித்தான் வருவான், சத்தம் போடாமல், மரத்துக்குப் பின்னால் வந்து நின்று பார்ப்பான். அவள் திரும்பாமல் வேலையைப் பார்ப்பாள்.

ஒருநாள் ஸ்டோரில் வாளியை இறக்கி வைத்துவிட்டு அவள் கை கழுவப் போனாள். சாப்பாட்டுப் பெட்டியை வாளிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். நாய் அதன்மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது. அழகமுத்து பால் அளக்க வாளியை இழுத்தார். அவ்வளவுதான், அவர் கையில் நாலு பல்லும் இறங்கிவிட்டது.

இத்தனை பேர் இருக்கிற தோட்டத்தில் கடி வாங்கியது அழகமுத்து! இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? பேர் கூப்பிடுகிற பிரட்டுக்களத்தில் காலையில் அதே பேச்சு. “உசுரோட இருக்கப்ப செய்ய நெனச்சத இப்ப செஞ்சிட்டாரு” என்றார்கள். சாப்பாட்டுப் பெட்டிக்குள் நெத்தலிக் கருவாடு இருந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பாவம், கையில் கட்டுப் போட்டுக்கொண்டு அழகமுத்துவே கோவிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். கோகிலா அதற்குப் பிறகு அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வாளியைத் தூரத்தில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். புருஷன் இருந்த காலத்தில் எப்படி நின்றாளோ அப்படி.

கடி விஷயம் வெளியே போனதால்தான் சந்திம வந்தான். நாய்களுக்கு விசர்நோய் ஊசி போடுகிற சிங்களப் பையன். லயம் லயமாகப் போய் நாய்களைப் பிடித்து ஊசி போட்டுவிட்டு, கடைசியில் கோகிலாவின் வாசலுக்கு வந்தான். உள்ளே எட்டிப் பார்த்தான். பாயில் படுத்திருந்த கலுவா உறுமியது. வழக்கம்போல கோகிலா ஒதுங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பையன் நாயைப் பார்க்காமல் அவளைப் பார்த்தான்.

“மேகா நரக பல்லெக் நெவெயி, அக்கே. பய வெச்ச பல்லெக்” என்றான். இது கெட்ட நாய் இல்லை அக்கா, பயந்த நாய்.

கோகிலாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. இருந்தாலும் இது விளங்கவில்லை. பயப்படுகிறவள் அவள், நாய்க்கு என்ன பயம்?

சந்திம பொறுமையாகச் சொன்னான். இருப்பதைப் பறித்துவிடுவார்கள் என்கிற பயம். சோற்றுக்கும் இப்படித்தான், படுக்கிற இடத்துக்கும் இப்படித்தான், சில நாய்களுக்கு ஆள் மேலேயும் இப்படித்தான். உறுமினால் நீங்கள் விலகுகிறீர்கள். அதனால் இன்னும் உறுமுகிறது. அதற்காக அடித்தால் இன்னும் மோசமாகும், பறித்தால் கடிக்கும். அதைவிட ருசியானது ஒன்றைத் தூரத்தில் போட்டுப் பாருங்கள், தானாக விட்டுவிட்டு வரும். கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். குட்டியில் யாராவது இதன் சோற்றைப் பறித்து விளையாடினார்களா?

விளையாடினார்கள். தவறணையில் குடித்துவிட்டுக் கூட்டாளிகளோடு வருகிற பழனியாண்டி, குட்டிக்கு மீன் தலையை வைப்பான். அது வாயை வைத்ததும் பிடுங்கிக்கொள்வான். மறுபடி வைப்பான், மறுபடி பிடுங்குவான். “எப்புடி மொறைக்குது பாரு, எம்புள்ள!” என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பெல்லாம் ஒரு கணம் கோகிலாவின் காதுக்குள் வந்து போனது. ஆனால் அவள் சந்திமவிடம் சொன்னது, “நே மாத்தயா” என்பதுதான். இல்லை ஐயா. உள்ளே படுத்திருக்கிறவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி வேறு ஒருத்தனிடம் எப்படிச் சொல்வாள்?

கறித்துண்டு ஒன்றைக் காட்டி நாயை வெளியே வரவழைத்து, ஊசியைப் போட்டுவிட்டுப் பையன் போய்விட்டான். “ஊசிக்காரனுக்கு என்ன தெரியும்?” என்றாள் சுப்பம்மா.

கோகிலாவுக்கு ஒரே மகள், துஷ்யந்தி. எம்பிலிப்பிட்டியவில் வாழைக்குலை மொத்த வியாபாரக் கடையில் வேலை செய்கிற கிருஷ்ணகுமாரைக் கட்டியிருந்தாள். சாவுக்கு வந்து கருமாதிக்கு முன்பே திரும்பிப் போயிருந்தவள், தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்றதுமே பார்த்தாள்: அம்மாவின் படுக்கை குசினியில், நாயின் படுக்கை காம்பராவில்.

“என்னம்மா இது? நாயப் புடிச்சு வெளிய கட்டு.”

“மெதுவாப் பேசுடி” என்றாள் கோகிலா. உண்மையாகவே பதறிப்போய்ச் சொன்னாள். “காதுல விழுந்துறப் போகுது.”

 துஷ்யந்தி நிறைமாதத்தில் சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டாள். அப்பாவின் கை அவள் மேலேயும் விழுந்திருக்கிறது. அவள் தப்பித்து எம்பிலிப்பிட்டியவுக்குப் போனவள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும், துஷ்யந்தியின் பிடிவாதத்தால், குசினிக்குள்ளேயே சேலையில் தொட்டில் கட்டினார்கள். நாய் முதல்நாள் குசினி வாசலில் வந்து நின்றது. மூக்கைத் தூக்கிப் பால்வாடையை இழுத்தது. அடுத்த நாள் வாசற்படியில் படுத்தது. அதற்கடுத்த நாள் பார்த்தால் தொட்டிலுக்கு நேர் கீழே படுத்திருந்தது. குழந்தை அழுதால் காதை மட்டும் ஆட்டும். துஷ்யந்தி விளக்குமாற்றைத் தூக்கினால் தொட்டிலின் நிழலை விட்டு எழும்பாமல் அவளையே பார்க்கும். பல்லைக் காட்டவில்லை, வெறுமனே பார்த்தது. அந்தப் பார்வைக்குப் பல்லே மேல் என்று அவளுக்குத் தோன்றியது.

“அம்மாடி, பேரனைக் காவல் காக்குறதப் பாரு!” என்று லயத்துப் பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு உருகிப் போனார்கள். கோகிலாவும் அப்படித்தான் நம்ப விரும்பினாள். ஆனால் பேரனைத் தூக்கப் போகும்போதெல்லாம் முதலில் கீழே பார்த்துவிட்டுத்தான் தூக்கினாள். அது ஒரு வகையில் அனுமதி கேட்பதுதான்.

தீட்டுக் கழிக்கிற நாள் வந்தது. காம்பராவைச் சாணி போட்டு மெழுகி, குழந்தைக்குத் தலைக்கு ஊற்றி, புதுத்துணி போட்டார்கள். அந்த லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. தீட்டுக் கழிகிற அன்றைக்குப் பிள்ளையை முதலில் தாத்தா மடியில் போட வேண்டும். அவர் பிள்ளையின் பேரைச் சொல்லிக் காதில் மூன்று தடவை ஊதுவார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் தூக்கலாம். கிருஷ்ணகுமாரின் தகப்பன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். பழனியாண்டியும் இல்லை. வேறு எந்த வீடாக இருந்தாலும் தாய்மாமனையோ பெரியப்பனையோ உட்கார வைத்திருப்பார்கள்.

“தாத்தாதான் இருக்காரே” என்றாள் சுப்பம்மா.

யாரும் மறுக்கவில்லை. துஷ்யந்தி பின்னால் தண்ணீர்ப் பீலியடியில் குளித்துக்கொண்டிருந்தாள். வாசலில் பத்துப் பெண்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. காம்பராவுக்குள் நடுப்பகலிலேயே இருட்டிவிட்டது. பாயில் கலுவா படுத்திருந்தது. அதற்கு முன்னால் இலையைப் போட்டு, படையலாகக் கோழிக்கறியும் சோறும் வைத்தார்கள். பிறகு சுப்பம்மா குழந்தையைத் துணியோடு தூக்கிக் கோகிலாவின் கையில் கொடுத்தாள்.

“நீதான் போடணும். உன் கையாலதான் அவருக்குக் குடுக்கணும்.”

கோகிலாவின் உடம்பு முழுக்க வேண்டாம் என்றது.  வாய் மட்டும் சொல்லவில்லை. அவள் குனிந்து, இலைக்கும் நாய்க்கும் நடுவில், பாயின் விளிம்பில் பேரனைக் கிடத்தினாள்.

நாய் அப்போதுதான் இலைக்கு வாயைக் கொண்டுபோனது. குழந்தை காலை உதைத்தது. பிஞ்சுக் கால் இலையின் ஓரத்தில் பட்டது. நாய் நின்றது. உடம்பு விறைத்தது. தலை கீழே குனிந்தபடி, முன்னங்கால் ஒன்றைத் தூக்கிக் குழந்தையின் துணிமேல் வைத்து, அடித்தொண்டையில் உறுமத் தொடங்கியது. அது நிற்காத உறுமல். மெழுகிய தரை வழியாகப் பெண்களின் உள்ளங்காலில் அது ஏறியது.

கோகிலா கையை நீட்டினாள். நாய் காற்றைக் கடித்தது. அவள் விரலுக்கும் பல்லுக்கும் நடுவில் இடைவெளியே இல்லை.

“சூடத்தக் கொளுத்துங்கடி!” என்று சுப்பம்மா கத்தினாள். அவள் குரலிலும் இப்போது பயம். கற்பூரத்தட்டோடு அவள் ஒரு அடி முன்னால் வர, நெருப்பைக் கண்ட நாய் இன்னும் குழந்தைக்கு மேலே ஏறி நின்றது. உதடு முழுசாகச் சுருண்டு, எச்சில் குழந்தையின் நெற்றியில் விழுந்தது. குழந்தை வீரிட்டு அழுதது.

“இது உங்க பேரப்புள்ளைங்க” என்று கோகிலா கைகூப்பினாள். “விட்டுருங்க. நான் ஏதும் தப்புச் செஞ்சா என்னையக் கடிங்க. சின்னப் புள்ளைங்க அது. உங்களக் கும்புட்டுக் கேக்குறேன், விட்டுருங்க.”

எத்தனை வருஷம் இதே வார்த்தைகளை இதே காம்பராவில் சொல்லியிருக்கிறாள்! துஷ்யந்தியைச் சுவரோரமாக நிறுத்தி வைத்து அவன் பெல்ட்டைக் கழற்றும்போது, வார்த்தைக்கு வார்த்தை இதைத்தான் சொன்னாள். அப்போதும் பலிக்கவில்லை. இப்போதும் பலிக்கவில்லை.

முழங்காலில் நின்றவளுக்கு நாயின் முகம் நேருக்கு நேராக இருந்தது. இத்தனை மாதமாக அவள் அந்த முகத்தை நிமிர்ந்து பார்த்ததே இல்லை. புருஷன் முகத்தை நிமிர்ந்து பார்த்துப் பழக்கம் இல்லாதவள். இப்போது பார்த்தாள். காது இரண்டும் பின்னால் ஒட்டிக் கிடந்தன. கண்ணில் வெள்ளை தெரிந்தது. பின்னங்கால்கள் வெடவெடவென்று நடுங்கின. கற்பூரத்தைப் பார்ப்பதும், வாசலில் நிற்கிற பெண்களைப் பார்ப்பதும், இலையைப் பார்ப்பதுமாக அந்தக் கண் அலைந்தது. குழந்தையை அது பார்க்கவே இல்லை.

பயந்த நாய்.

“சூடத்த அணைங்கக்கா” என்றாள் கோகிலா. தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. “எல்லாரும் வாசல விட்டுப் பின்பக்கம் போங்க. ஓடாதீங்க. மெதுவாப் போங்க.”

முழங்காலிலேயே பின்னால் நகர்ந்து குசினிக்குப் போனாள். குழந்தையிடமிருந்து தள்ளிப் போகிற அந்தத் தூரம் அவளுக்கு உயிரை உருவி எடுத்தது. சட்டியிலிருந்த கோழியை அள்ளி முந்தானையில் போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு பெரிய துண்டை எடுத்து, நாயின் மேல் எறியாமல், பாய்க்குக் கொஞ்சம் தள்ளிப் போட்டாள். உறுமல் நின்றது. மூக்கு அசைந்தது. கால் இன்னும் துணிமேலேயே இருந்தது. இன்னொரு துண்டு, இன்னும் கொஞ்சம் தள்ளி. நாய் கழுத்தை நீட்டிப் பார்த்தது. இலையைப் பார்த்தது. பிறகு காலை எடுத்தது.

அவள் அவசரப்படவில்லை. வாசற்படியில் ஒன்று, இஸ்தோப்புத் திண்ணையில் ஒன்று, முற்றத்து மழையில் ஒன்று. நாய் ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டு வெளியே போனது. அது முற்றத்துக்கு இறங்கியதும் கோகிலா பாய்ந்து குழந்தையைத் தூக்கி, காலால் கதவைத் தள்ளிச் சாத்தினாள். குழந்தையின் மேல் ஒரு கீறல்கூட இல்லை. விரல் விரலாகத் தடவிப் பார்த்தாள்.

குசினி வழியாகப் பெண்கள் உள்ளே வந்தார்கள். ஈரத் தலையோடு துஷ்யந்தியும் ஓடி வந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள்.

சுப்பம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “பாத்தியா கோகிலா? பேரனுக்காக விட்டுக் குடுத்துட்டாரு.”

“இல்லக்கா” என்றாள் கோகிலா. லயத்துப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். “அவரு எப்ப எதுக்காக விட்டுருக்காரு? எங்க அம்மா செத்தப்பக்கூட என்னைய விடலியே. இது கோழித் துண்டுக்கு விட்டுட்டுப் போகுது. இது அவரு இல்லக்கா. நாயி. பயந்துபோன நாயி.”

பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கலைந்து போனார்கள்.

துஷ்யந்தி குழந்தையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு கேட்டாள்: “யாரு இவனக் கொண்டுபோய் அங்க வச்சது?”

“நான்தான்.”

“நீயா? ஏம்மா? உனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் வச்ச?”

கோகிலா யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு விருப்பம் இல்லை. உண்மையைச் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

“வேணாம்னு சொல்லி எனக்குப் பழக்கமில்லடி.”

துஷ்யந்தி பிள்ளையோடு குசினிக்குள் போய்விட்டாள். கோகிலா காம்பராவின் நடுவில் தனியாக நின்றாள். கதவு சாத்தியிருந்தது. மழைச் சத்தம். அவள் ஒவ்வொரு மூலையாகப் பார்த்தாள். அலுமாரிப் பக்கம் பார்த்தாள், கதவுக்குப் பின்னால் பார்த்தாள். யாரும் இல்லை. அவன் செத்துப்போனது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. உடம்பு நடுங்கியது, ஆனால் பயந்து நடுங்க அங்கே ஒருவரும் இல்லை. அந்த வெறுமை அவளை எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயமுறுத்தியது. அப்படியே தரையில் உட்கார்ந்து, கருமாதிக்கும் வராத அழுகையை வாய்விட்டு அழுதாள். அடுத்த காம்பராக்களுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

வெகுநேரம் கழித்துத் துஷ்யந்தி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோளோடு தோள் ஒட்டித்தான் உட்கார்ந்தாள். ஆனால் குழந்தையை மற்றப் பக்கத்து மடிக்கு மாற்றி வைத்துக்கொண்டாள்.